ஒரு சாண் தூரத்துக் குரல்

வயர்லெஸ் மைக் வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை மீட்டர் வரைக்கும் எடுக்கும்ணே?" என்பதுதான். டப்பாவிலும் அந்த எண்தான் பெரிய எழுத்தில் இருக்கும். ரோட் வயர்லெஸ் கோ 2 என்றால் 200 மீட்டர், டிஜேஐ மைக் 2 என்றால் 250 மீட்டர். நடுவில் ஆளோ மரமோ சுவரோ இல்லாத வெட்டவெளியில் கிடைக்கும் தூரம் அது. நான் எடுக்கிற வீடியோக்களில் கேமராவுக்கும் பேசுகிறவருக்கும் நடுவே பத்து மீட்டர் இருந்தாலே அதிகம். எனக்கு முக்கியமான தூரம் வேறு. பேசுகிறவரின் வாயிலிருந்து மைக்கின் முனை வரைக்கும் உள்ள தூரம் அது. ஒரு சாணைத் தாண்டக் கூடாது. கேமரா எங்கே வேண்டுமானாலும் போகட்டும், மைக் மட்டும் அந்த ஒரு சாணிலேயே இருக்கட்டும் என்பதற்காகத்தான் கம்பியை விட்டுவிட்டு அலைக்குப் போகிறோம்.

ஒலி பரவும் விதம் அப்படி. தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபெல் குறையும். பத்து மடங்கானால் 20 டெசிபெல். ஒரு சாணை ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கேமராவின் மேலேயே மைக்கைப் பொருத்தி இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும்போது குரல் அந்த 20 டெசிபெல்லை இழந்துதான் வந்து சேர்கிறது. மின்விசிறியின் இரைச்சலும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் அப்படிக் குறைவதில்லை. அறை முழுக்க ஏறத்தாழ ஒரே அளவில் நிரம்பி நிற்கின்றன. குரல் மெலிந்திருக்கிறதே என்று எடிட்டிங்கில் ஏற்றினால் மின்விசிறியும் கூடவே ஏறும். விலை உயர்ந்த மைக்கைத் தள்ளி வைப்பதைவிட, சாதாரண மைக்கைக் கிட்டே வைப்பது நல்ல பதிவைத் தரும். இந்தத் தொழிலில் நான் முழு நம்பிக்கையோடு சொல்லக்கூடிய சில விஷயங்களில் இது ஒன்று.

திருவண்ணாமலை, ஆரணி, செய்யாறு பக்கத்துக் கிராமங்களில் வயதானவர்களின் பேச்சை வீடியோவாகப் பதிவுசெய்வது என் வேலை. பட்டுத்தறியில் உட்கார்ந்தவர்கள், கூத்து வாத்தியார்கள், நடவு வயலில் பாடியவர்கள். தமிழ்ச் சினிமா நெடுங்காலம் டப்பிங்கை நம்பியே வளர்ந்தது. 'விருமாண்டி' (2004) போன்ற ஒரு படம் படப்பிடிப்பிலேயே குரலையும் பதிவுசெய்தபோது அதுவே பேசுபொருளானது. அந்தப் பழக்கம் நம் சின்னச் சின்ன வீடியோக்காரர்களிடமும் ஊறிப்போயிருக்கிறது. படத்தைப் பார்த்துப் பார்த்து எடுப்போம், சத்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்வோம். ஆனால் எண்பது வயது ஆயா ஒருவர் தன் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னதை ஸ்டுடியோவில் வைத்து மறுபடி பேச வைக்க முடியாது. அங்கேயே "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டால்கூட முதல் தடவை வந்த சொல் வராது, சுருக்கிச் சொல்லிவிடுவார். ஆகவே மைக்கைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த ஆயாவின் பக்கத்திலிருந்துதான் யோசிக்கத் தொடங்குகிறேன். அவர் உடம்பில் எங்கே இருக்கும், எவ்வளவு கனக்கும், அவர் அதை மறந்துவிட்டுப் பேசுவாரா, அலை அறுந்தாலும் அவர் சொன்னது மிஞ்சுமா?

முதலில், எல்லாவற்றுக்கும் வயர்லெஸ் வேண்டியதில்லை. ஓர் இடத்தில் உட்கார்ந்து பேசும் பேட்டி என்றால் கம்பியுள்ள காலர் மைக்கே போதும். போயா பிஒய்-எம்1 மாதிரி ஒன்றில் 6 மீட்டர் கம்பி இருக்கிறது. திண்ணையிலிருந்து வாசலில் நிற்கும் கேமரா வரைக்கும் தாராளமாக வரும். அதற்கு ரேடியோத் தொல்லை கிடையாது, தாமதம் கிடையாது. விலையும் வயர்லெஸ்ஸில் ஒரு சிறு பங்குதான். புதிதாகத் தொடங்குகிற தம்பி தங்கைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறேன். எழுந்து நடக்கிறவர், தறியில் இறங்கி நெய்துகொண்டே பேசுகிறவர், வரப்பில் முன்னே போய்க்கொண்டே "இந்தக் கழனி எங்க தாத்தா காலத்துல" என்று திரும்பிப் பார்க்கிறவர், இவர்களுக்கு வயர்லெஸ் வேண்டும்.

இப்போது கடையில் கிடைக்கும் சின்ன வயர்லெஸ் மைக்குகள் பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுபவை. 2019-இல் ரோட் நிறுவனத்தின் முதல் வயர்லெஸ் கோ வந்தபிறகு இந்த வகை பரவலானது. இடுப்பில் மாட்டும் பெரிய பெல்ட்பேக் இல்லாமல், தீப்பெட்டி அளவுக் கட்டைக்குள்ளேயே மைக்கும் டிரான்ஸ்மிட்டரும் அடங்கின. உரிமம் வாங்காமல் பயன்படுத்தலாம் என்பதால் எல்லோரும் இதற்குள் வந்தார்கள். அதே காரணத்தால் இந்த அலைவரிசையில் கூட்டமும் அதிகம். வைஃபை, புளூடூத் இயர்போன், கைக்கடிகாரம், எல்லாம் இங்கேதான். நம் நாட்டில் 4ஜி ஓடும் 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் இதை ஒட்டியே இருக்கிறது. டிஜிட்டல் மைக்குகள் இடைஞ்சல் வந்தால் வேறு சேனலுக்குத் தாவிச் சமாளிக்கும். எங்கே தாவினாலும் கூட்டம் என்றால் சொல்லின் நடுவே துண்டு விழும்.

இதைவிட அதிகம் கவனிக்க வேண்டியது மனித உடம்பு. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர். தண்ணீர் நிறைந்த நம் உடம்பு அதை விழுங்கிவிடும், அலையும் வளைந்து சுற்றி வராது. நெஞ்சில் மைக்கை மாட்டியவர் கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிய கணத்தில், 250 மீட்டர் என்று எழுதியிருந்த பொருள் அதில் ஒரு சிறு பங்குக்குச் சுருங்கிவிடும். வரப்பில் முன்னே நடப்பவரைப் பின்தொடர்ந்து எடுக்கும்போது எனக்கு இது அன்றாடப் பிரச்சினை. தனியாக மைக் முனை பொருத்தும் 3.5 மில்லிமீட்டர் துளை டிரான்ஸ்மிட்டரில் இருந்தால் வழி பிறக்கும். மைக் முனை நெஞ்சில், டிரான்ஸ்மிட்டர் முதுகுப்பக்கம் இடுப்பில். அவர் முதுகைக் காட்டினாலும் கேமராவுக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நேர்ப்பார்வை இருக்கும். ஆகவே அந்தத் துளை இல்லாத மாடலை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வாங்குவதில்லை.

அடுத்ததை என் பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே பதிவாகும் வசதி. ரோட் வயர்லெஸ் கோ 2, வயர்லெஸ் ப்ரோ, டிஜேஐ மைக் 2 ஆகியவற்றில் இது உண்டு. பேச்சு அலை வழியாக ரிசீவருக்குப் போகும் அதே நேரத்தில், பேசுகிறவரின் உடம்பில் இருக்கும் கட்டைக்குள்ளும் ஒரு பிரதி எழுதப்படும். அலை அறுந்தாலும் அந்தப் பிரதி அறுவதில்லை.

இதன் அருமையை ஒரு சித்திரை மாதத்தில் பார்த்தேன். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து. ஒப்பனைக் கொட்டகையில் ஒரு மூத்த வாத்தியார் கண்ணாடிக்கு முன் உட்கார்ந்து அரிதாரம் பூசிக்கொண்டே பேசினார். தன் குரு எப்படி அடவு சொல்லிக்கொடுத்தார், பசி நாளில் எந்த ஊர் எந்த வீட்டில் சோறு போட்டார்கள் என்று. தட்டியைச் சுற்றி ஊரே நின்று செல்போனில் நேரலை போட்டுக்கொண்டிருந்தது. ஹெட்ஃபோனில் குரல் துண்டு துண்டாக வந்தது. அவர் பேச்சை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அப்படிப் பேச்சு கூடி வருவது அரிது. அலையை அதன் போக்கில் விட்டுவிட்டு, டிரான்ஸ்மிட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டேன். மறுநாள் அந்தக் கட்டையிலிருந்து எடுத்த பதிவில் ஒரு சொல் குறையவில்லை. அரிதாரக் கல்லில் விரல் தேய்க்கும் ஓசைகூட இருந்தது. படத்தோடு பொருத்த அரை நாள் பிடித்தது. அந்த அரை நாளை இன்னும் பலமுறை கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

அதே வாத்தியார் கொட்டகையில் தணிந்த குரலில் பேசினார். திரை விலகியதும் துரியோதனனாக நின்று போட்ட சத்தம் ஊர் எல்லை வரைக்கும் போயிருக்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு உதவுவது 32-பிட் ஃப்ளோட் என்னும் பதிவு முறை. 24-பிட் பதிவில் எண்கள் தாங்கும் வீச்சு 144 டெசிபெல். 32-பிட் ஃப்ளோட்டில் 1,500 டெசிபெல்லுக்கும் மேல். இரைந்த இடத்தில் அலைவடிவம் உச்சியில் வெட்டுப்பட்டதுபோலத் தெரிந்தாலும் எடிட்டிங்கில் இறக்கினால் முழுசாக வந்துவிடும். ஆனால் இதைப் பற்றி விளம்பரங்கள் சொல்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. வயர்லெஸ் ப்ரோவிலும் டிஜேஐ மைக் 2-விலும் இந்தப் பாதுகாப்பு டிரான்ஸ்மிட்டருக்குள் பதிவாகும் பிரதிக்குத்தான். கேமராவுக்கு வந்து சேர்வது வழக்கமான பதிவே. மைக் முனையே தாங்காமல் உடைந்துபோன சத்தத்தை எந்தப் பிட்டாலும் ஒட்டவைக்க முடியாது என்பது இன்னொன்று. தவிலுக்கோ நாதஸ்வரத்துக்கோ இந்தச் சின்ன மைக்கைக் கிட்டே கொண்டுபோனால் பழுது முனையிலேயே நடந்துவிடும். தள்ளி வைப்பது ஒன்றே வழி. உட்கார்ந்து பேசும் பேட்டிக்கு 32-பிட் தேவையில்லை. உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் இருக்கும்படி வைத்துவிட்டு, குறைந்த அளவில் இன்னொரு பிரதி எழுதும் பாதுகாப்புத் தடத்தையும் போட்டுவிட்டால் போதும்.

மைக்கை எங்கே மாட்டுவது என்பதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது. வாங்கும் முடிவும் அதிலிருந்துதான் பிறக்க வேண்டும். கடைகளின் விளம்பரப் படத்தில் ஒருவர் காலர் வைத்த சட்டையில் மைக்கைக் குத்திக்கொண்டு சிரிப்பார். நான் போகும் இடத்தில் காலர் வைத்த சட்டை அபூர்வம்.

ஆண்கள் பலர் சட்டையில்லாமல் தோளில் துண்டோடு இருப்பார்கள். துண்டில் மாட்டக் கூடாது. பெரியவர் யாராவது தெருவில் போனால் துண்டு தோளிலிருந்து இறங்கிக் கைக்கு வந்துவிடும், மைக்கும் கூடவே போய்விடும். மருந்துக்கடையில் கிடைக்கும் காகித டேப்பைக் கொண்டு நெஞ்சுக்குழிக்குச் சற்று மேலே சின்ன மைக் முனையை ஒட்டுவேன். முனைக்குக் கீழே கம்பியை ஒரு சுற்று வளைத்து அதையும் டேப்பால் பிடித்துவிட வேண்டும். கம்பி இழுபடும்போது வரும் 'டப் டப்' சத்தம் அந்த வளையத்தோடு நின்றுவிடும், முனைக்கு ஏறாது. வெயில் காலத்தில் வியர்வை மைக்கின் வாயை அடைத்தால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடும். அரை மணிக்கு ஒருமுறை பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பேன்.

பெண்களிடம் முறை வேறு. செய்யாறு பக்கத்தில் ஓர் ஆயா, நூல் புடவை, கழுத்தில் மணிமாலை. மைக்கை நான் கையில் எடுத்ததுமே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"ஆயா, இதை இங்க மாட்டணும். பேத்தி மாட்டி விடட்டுமா?"

"இது என்னாத்துக்குப்பா? நான் சத்தமாத்தான் பேசுவேன்."

"நீங்க மெதுவா பேசினாலும் கேக்கணும் ஆயா. அதுக்குத்தான்."

அவர் மைக்கைக் கையில் வாங்கி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். பிறகு பேத்தியிடம் கொடுத்தார். பேத்தியிடம் நான் சொன்னது மூன்று விஷயம். மாலை படாத இடம், முகவாய்க்கு நேர் கீழே ஒரு சாண், தோள்பட்டைக்குப் போகும் புடவை மடிப்பின் ஓரம். பெண்களுக்கு மைக் மாட்ட வீட்டுப் பெண் ஒருவரைக் கேட்பதை நான் வழக்கமாகவே வைத்திருக்கிறேன். மரியாதைக்காகத்தான் அப்படிச் செய்கிறேன். அதன் பலன் குரலிலும் தெரிகிறது. அந்நியக் கை பட்ட கூச்சம் பேச்சின் முதல் பத்து நிமிடத்தைத் தின்றுவிடும்.

எடை இங்கேதான் கணக்குக்கு வருகிறது. வயர்லெஸ் கோ 2 போன்ற கட்டை ஏறக்குறைய 30 கிராம். சட்டையில் அது ஒன்றுமில்லை. நைந்த நூல் புடவையில் அது தொங்கி, மடிப்பைக் கீழே இழுத்து, கடைசியில் மைக்கின் வாய் வானத்தைப் பார்ப்பதற்குப் பதில் துணியைப் பார்க்கும். 2024-இன் கடைசியில் வந்த டிஜேஐ மைக் மினியின் டிரான்ஸ்மிட்டர் 10 கிராம்தான், அந்த வகையில் அது பெரிய நிம்மதி. ஆனால் அதில் உள்பதிவு இல்லை. கனம் குறைந்ததா, காப்பு உள்ளதா என்று நிற்கும்போது நான் காப்பின் பக்கம் சாய்கிறேன். கட்டையை இடுப்பில் செருகிவிட்டுச் சின்ன முனையை மட்டும் மேலே கொண்டுவருவேன். காந்தம் வைத்துப் பிடிக்கும் கிளிப்புகள் துணியைக் கிழிக்காமல் நிற்கும், நல்லவை. ஆனால் மாட்டுவதற்கு முன் "நெஞ்சுல மிஷின் ஏதும் வெச்சிருக்காங்களா?" என்று வீட்டாரைக் கேட்டுவிடுவேன். பேஸ்மேக்கர் வைத்தவரின் நெஞ்சுக்குக் காந்தத்தைக் கொண்டுபோகக் கூடாது.

கூத்துக்காரர் வேடம் கட்டிவிட்டால் நெஞ்சும் தோளும் நமக்கில்லை. மார்ப்பதக்கமும் புஜகீர்த்தியும் அசைவுக்கு அசைவு மோதிக்கொள்ளும். கிரீடம் வைப்பதற்கு முன் தலையில் கட்டும் துணியின் விளிம்பில், நெற்றியின் நடுவே முனையை வைக்கிறேன். நாடக மேடைக்காரர்கள் நெடுங்காலமாகக் கையாளும் இடம் இது. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் மாறாது. நெஞ்சில் வைத்தால் அப்படியில்லை. பேசுகிறவர் வலப்பக்கம் திரும்பிப் பேசப் பேச இடப்பக்கம் குத்திய மைக்கில் குரல் தேய்ந்துகொண்டே போகும். பேட்டி என்றால் கேள்வி கேட்பவர் உட்காரும் பக்கத்திலேயே மைக்கை மாட்டிவிடுவது நல்லது, பேச்சு அந்தப் பக்கம்தான் போகும்.

நெஞ்சுக் குரலுக்கு இன்னொரு குணம் உண்டு. முகவாய் மறைப்பதால் 3,000, 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலிகள் குறைந்தும், நெஞ்சின் அதிர்வால் 800 ஹெர்ட்ஸ் பக்கம் தூக்கலாகவும் வரும். மெய்யெழுத்துகளின் கூர்மை அந்த மேல்பகுதியில்தான் இருக்கிறது. எடிட்டிங்கில் அங்கே சற்று ஏற்றி, கீழே சற்று இறக்கினால் குரல் முகத்துக்கு வந்துவிடும். பட்டுப்புடவை, பாலியஸ்டர் சட்டை இரண்டும் உரசினால் சரசரக்கும். முடிந்தால் நூல் துணி உடுத்தச் சொல்லி முன்னாடியே தகவல் கொடுத்துவிடுவேன். கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு ஆசையாக வந்து நிற்பவரிடம் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது வரும் மைக்குகள் பலவற்றில் இரைச்சல் நீக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அழுத்தினால் மின்விசிறி மறைந்துபோகும். கடையில் இதைக் காட்டித்தான் விற்கிறார்கள். நான் அதைத் தொடுவதில்லை, காரணம் நம் பேச்சுத் தமிழ். பேச்சில் 'வந்தான்' என்பதன் கடைசி 'ன்' நாக்கில் நிற்பதில்லை. மூக்கோடு கரைந்த ஓர் ஆகாரமாக முடிகிறது. 'வந்தாள்' என்பதில் 'ள்' அறவே விழுந்து வெறும் ஆகாரமாக முடிகிறது. வந்தது ஆணா பெண்ணா என்பதைச் சொல்வது அந்த மூக்கொலி ஒன்றுதான். பல்லில்லாத வாய், தணிந்துகொண்டே போகும் வாக்கிய முடிவு, அங்கே அந்த ஒலி மின்விசிறியின் இரைச்சலைவிடச் சற்றுத்தான் மேலே இருக்கும். இரைச்சல் என்று நினைத்து எந்திரம் அதைச் சீவிவிட்டால், யார் வந்தார் என்பதே தெரியாமல் போகும். இரைச்சலை நீக்குவதென்றால் எடிட்டிங்கில், காதால் கேட்டுக் கேட்டு, தேவையான அளவுக்கு நீக்கலாம். வேண்டாமென்றால் பழையதற்குத் திரும்பலாம். பதிவின்போதே சீவியதை யாரும் திருப்பித் தர முடியாது. மின்விசிறியை அணைத்துவிட்டு, அணைத்ததற்கு ஈடாகப் பனையோலை விசிறியைக் கையில் கொடுப்பது எனக்குச் சரிப்பட்டு வருகிறது. குளிர்ப்பெட்டியின் கம்ப்ரஸரையும் கேட்டுவிட்டு நிறுத்துகிறேன். என் வண்டிச் சாவியைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிடுவேன், திரும்பப் போட்டுவிடாமல் ஊருக்குக் கிளம்ப முடியாதபடிக்கு.

காற்றுக்குத் தனி ஏற்பாடு. மைக்கோடு வரும் கறுப்புப் பஞ்சு வீட்டுக்குள் மூச்சுக்காற்றைத் தடுக்கும். ஆடிக் காற்றில் அது ஒன்றுமில்லை. முடி அடர்ந்த உறை வேண்டும். மைக் வாங்கும்போது அந்த உறை இறுகப் பொருந்தும் வகையிலா இருக்கிறது, லேசாக இழுத்தால் கழன்றுவிடுகிறதா என்று பாருங்கள். வயலில் தொலைத்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாத பொருள் அது. எல்லாத் திசையும் கேட்கும் மைக் முனை, ஒரே திசை கேட்பதைவிடக் காற்றாலும் உரசலாலும் குறைவாகத்தான் பாதிக்கப்படும். காலர் மைக்கில் அதையே கேளுங்கள்.

யுஎச்எஃப் வகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்ஹைசர் ஜி4, சோனி யுடபிள்யூபி-டி போன்றவை. பெரிதாக இருக்கும், விலையும் அதிகம், மாட்டுவதற்கும் பழக்கம் வேண்டும். 500, 600 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் அலையின் நீளம் ஏறக்குறைய அரை மீட்டர் என்பதால் உடம்பைச் சுற்றி வந்துவிடும். நாள் முழுக்க அறாமல் ஓடுவதில் இவற்றின் பெயர் பெரிது. சென்ஹைசரின் அந்தப் பெல்ட்பேக்கில் இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் போதும், அது எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். சின்னக் கட்டைகளில் பேட்டரி உள்ளேயே மூடிக் கிடக்கிறது. சில வருடங்களில் அதன் உயிர் குறையும்போது மைக்கும் சேர்ந்து பழசாகிறது. இந்த ஒரு குறை எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. யுஎச்எஃப் வாங்குகிறவர்கள், முக்கியமாகப் பழையது வாங்குகிறவர்கள், எந்த அலைவரிசை என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நாட்டுக்கு நாடு விதி வேறு. 700 மெகாஹெர்ட்ஸ் இங்கே 2022 அலைக்கற்றை ஏலத்துக்குப் பிறகு 5ஜிக்குப் போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த செட் என்று மலிவாகக் கிடைப்பதை அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

இரண்டு பேர் பேசும் வீடியோ என்றால் இரண்டு டிரான்ஸ்மிட்டர், ஒரு ரிசீவர். ரிசீவரில் இரண்டு குரலையும் ஒன்றாகக் கலக்கும் முறையும், ஒருவர் இடத் தடத்திலும் மற்றவர் வலத் தடத்திலும் தனித்தனியாகப் பதியும் முறையும் இருக்கும். எப்போதும் தனித்தனியாக வையுங்கள். ஒருவர் இருமும்போது மற்றவர் சொன்னதைக் காப்பாற்ற அது ஒன்றே வழி. இரண்டு பேரும் தோளோடு தோள் உட்கார்ந்தால் ஒருவர் குரல் மற்றவர் மைக்கிலும் ஏறி, இரண்டையும் கலக்கும்போது குடத்துக்குள் பேசுவதுபோல் ஆகும். நடுவில் இடம் விட்டு உட்கார வையுங்கள்.

கேமராவில் இணைக்கும் கம்பிக்கும் செல்போனில் இணைக்கும் கம்பிக்கும் வித்தியாசம் உண்டு. கேமரா முனையில் இரண்டு கறுப்பு வளையம், செல்போன் முனையில் மூன்று. மாற்றிப் போட்டால் சத்தம் வராது, அல்லது போனின் சொந்த மைக்கே பதிவாகும். இப்போது பல போன்களில், ஐபோனிலும் 15-ஆம் மாடலிலிருந்து, டைப்-சி வந்துவிட்டதால் இந்தக் குழப்பம் குறைந்தது. ஆனாலும் போனிலேயே இருக்கும் கேமராச் செயலி எந்த மைக்கிலிருந்து எடுக்கிறது என்று பெரும்பாலும் காட்டாது. பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவசச் செயலி ஒலி அளவைத் திரையிலேயே காட்டும். போன் விமானப் பயன்முறையில் இருக்கட்டும். பதிவின் நடுவே அழைப்பு வராது, மைக்குக்குப் பக்கத்தில் அலையும் அடங்கும். கேமரா என்றால் அதன் ஒலி ஏற்றத்தைத் தானியங்கியிலிருந்து எடுத்துவிட்டுக் குறைத்து வைத்து, ரிசீவரின் வெளியீட்டைக் கூட்டுங்கள். பல கேமராக்களின் உள்பெருக்கி அதிக ஏற்றத்தில் 'உஸ்' என்ற இரைச்சல் போடும்.

சென்னைக்காரர்கள் வாங்குவதற்கு முன் அண்ணா சாலைப் பக்கம் ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிடலாம். அங்கே இருக்கும் சந்தடியே நல்ல சோதனைக்களம். கடைக்காரரிடம் கேட்டு மைக்கை மாட்டிக்கொண்டு, ரிசீவரை நண்பர் கையில் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டியபடி தெருவில் நடந்து போங்கள். உள்ளங்கையால் டிரான்ஸ்மிட்டரை மூடிப் பாருங்கள். சாவிக்கொத்தை மைக்குக்கு முன்னால் குலுக்குங்கள். மலிவான டிஜிட்டல் மைக்கில் அந்தக் கிணுகிணுப்பு மணல் கொட்டுவதுபோல் சிதறும், நல்லதில் ஒவ்வொரு சாவியும் தனியாகக் கேட்கும். பிறகு உங்கள் வீட்டுப் பேச்சில், உங்கள் வேகத்தில், இரண்டு நிமிடம் பேசுங்கள். "ஒன், டூ, த்ரீ, டெஸ்டிங்" வேண்டாம், அதில் எந்த மைக்கும் நன்றாகத்தான் இருக்கும். 'வாழைப்பழம் வழுக்கி விழுந்தது' என்பதுபோல ஒன்றும், 'அவன் வந்தான், அவள் வந்தாள்' என்று பேச்சு வழக்கில் ஒன்றும் சொல்லிவையுங்கள். பதிவைக் கடையில் கேட்டு முடிவுசெய்யாமல் வீட்டுக்கு எடுத்துவந்து, இரவில், மூடிய ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

அந்த ஹெட்ஃபோனுக்கும் பணம் ஒதுக்குங்கள். மைக்கில் மேல் வகையை விட்டு நடு வகை எடுத்தாவது, காதை மூடும் கம்பியுள்ள ஹெட்ஃபோன் ஒன்று வாங்க வேண்டும். புளூடூத் வேண்டாம், தாமதம் ஒருபுறம், அதே 2.4-இல் இன்னொரு கூட்டாளி சேர்வது மறுபுறம். ரிசீவரில் செருகினால் அலை வருகிறதா என்று தெரியும். கேமராவில் செருகினால் பதிவில் என்ன விழுகிறது என்று தெரியும். வசதி இருந்தால் கேமராவிலேயே கேளுங்கள்.

பேசுகிறவருக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: இது மாட்டியிருக்கும்வரை எல்லாம் கேட்கும், எல்லாம் பதிவாகும். நல்ல மைக்கை அரை மணியில் மறந்துவிடுவார்கள். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போய் மருமகளிடம் பேசுவதும் உள்பதிவில் விழும். அவர் எழுந்ததுமே நான் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைக்கச் சொல்கிறேன். தப்பித்தவறி விழுந்திருந்தால் கேட்காமலேயே அந்தப் பகுதியை அழித்துவிடுகிறேன்.

உள்பதிவுள்ள மைக் வாங்குகிறவர்கள் கடைசியாகப் பழக வேண்டியது ஒன்று. கட்டையின் நினைவகம் நிறைந்தால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும்படி வைத்திருக்கிற மாடல்கள் உண்டு. எனவே அன்றைய பதிவை அன்றிரவே எடுத்துவிட வேண்டும். படுப்பதற்கு முன் இரண்டு தனித்தனி ஹார்டுடிஸ்கில் பிரதி எடுத்து, கோப்பின் பெயரில் தேதி, ஊர், பேசியவர் பெயரைத் தமிழில் எழுதி, இரண்டையும் ஓரிரு இடத்தில் ஓட்டிக் கேட்டபிறகுதான் டிரான்ஸ்மிட்டரைக் காலிசெய்து சார்ஜில் போடுகிறேன்.